வயசு தாண்டிடுச்சு

அப்போது நான் ஆறாம் வகுப்பு. 1996, ஆடி மாதம். பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை முகாம் போட்டிருந்தார்கள். வராந்தாவின் கடைசித் தூணில் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டு, இருபதடி தள்ளித் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. வரிசையாக வந்து கோட்டில் நின்று, ஒரு கண்ணைப் பொத்திப் படிக்க வேண்டும். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கடைசி வரி வரைக்கும் மளமளவென்று படித்தேன். அடுத்து வலது கண்ணைப் பொத்தச் சொன்னார்கள். பொத்தினால் அட்டையில் எழுத்தையே காணோம். உச்சியில் இருந்த ஒற்றைப் பெரிய எழுத்து மட்டும் ஈரத்தாளில் மை ஊறினது போலத் தெரிந்தது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் கோடுகள். பின்னால் நின்றவன் "நடிக்காதல" என்று முதுகில் குத்தினான். நான் நடிக்கவில்லை. பயப்படவும் இல்லை. எல்லாருக்குமே ஒரு கண் அப்படித்தான் இருக்கும் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன். வலது கையும் இடது கையும் ஒன்று போலவா இருக்கிறது? ஒன்று வேலைக்கு, ஒன்று துணைக்கு. கண்ணும் அப்படித்தான் என்பது என் எண்ணம்.

அடுத்த வாரம் அம்மா என்னைப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். சொட்டு மருந்து விட்டு, ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்காரவைத்து, பிறகு டார்ச் அடித்துப் பார்த்தார்கள். டாக்டர் நிதானமாகத்தான் பேசினார். "இடது கண்ணுல பவர் அஞ்சுக்கு மேல இருக்கும்மா. பிறந்ததுல இருந்தே இருந்திருக்கும். தெளிவா இல்லாததால மூளை அந்தக் கண்ணை விட்டுருச்சு. எட்டு வயசுக்குள்ள வந்திருந்தா நல்ல கண்ணுக்குக் கட்டுப் போட்டுச் சரி பண்ணியிருக்கலாம். இப்ப வயசு தாண்டிடுச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு கண்ணு நல்லா இருக்கில்ல, அதைப் பத்திரமாப் பாத்துக்கோங்க." கண்ணாடிகூட எழுதித் தரவில்லை. அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "மூணு வருஷம் முந்தி வந்திருக்கணுமா சார்?" அவர் தலையாட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா விரல் கணுக்களை எண்ணிக்கொண்டே வந்தாள். தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தி மூணு. அந்த மூன்றாவது கணுவில் அவள் விரல் நின்றது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த வருஷம்தான் எனக்கு அம்மை போட்டது. அந்த வருஷம்தான் வாடகை வீடு மாறினோம். அந்த வருஷம் ஒருநாள் ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னபோது, நான் கோக்க முடியாமல் ஊசியை வீசிவிட்டு அழுதேனாம். "அன்னைக்கே எனக்குத் தட்டியிருக்கணும்" என்று அதற்குப் பிறகு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். டாக்டர் சொன்னது என் கண்ணைப் பற்றி. அது போய்த் தங்கியது அம்மாவின் மனதில். எனக்கு அந்த டாக்டர் மேல் கோபம் இல்லை. அன்றைக்கு அவர் படித்திருந்த புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னார். ஆனால் அந்தப் புத்தகத்துக்கு அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை.

ரிஜிஸ்டர்

இதற்குத் தமிழில் "சோம்பேறிக் கண்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தப் பெயர் பிடிக்கவே பிடிக்காது. கண் சோம்பேறித்தனம் எதுவும் செய்யவில்லை. நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. பலருக்கு மாறுகண்ணால் வருகிறது, சிலருக்குப் பிறவிப் புரையால், என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு கண்ணுக்கும் பவர் வெகுவாக வேறுபடுவதால். மாறுகண் என்றால் வெளியே தெரியும். அங்கேயும் "மாறுகண்ணு அதிர்ஷ்டம், தொடாதீங்க" என்று சொல்லியே பிள்ளைகளின் பார்வையைப் போக்கிய வீடுகளை எனக்குத் தெரியும். என் வகையில் வெளியே ஒன்றும் தெரியாது. கண்ணைப் பார்த்தால் கண் மாதிரியே இருக்கும்.

நான் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். என் தொழிலை வைத்துச் சொன்னால்தான் எனக்கே இது புரிகிறது. ஒரு முருகன் காலண்டருக்கு நாலு பிளேட்: சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு. நாலும் தாளில் ஒரே இடத்தில் விழ வேண்டும். அதை ரிஜிஸ்டர் என்போம். மஜெந்தா ஒரு முடி அளவு தள்ளினால் முருகனுக்கு உதடு இரண்டாகிவிடும். இரண்டு கண்ணும் அனுப்புகிற படங்களை மூளையும் அப்படித்தான் ஒன்றன் மேல் ஒன்றாக விழவைக்கிறது. இரண்டுக்கும் உள்ள சின்ன வித்தியாசத்திலிருந்து எது கிட்டே, எது தூரம் என்று கணக்குப் போடுகிறது. ஒரு பிளேட் மட்டும் எப்போதும் மங்கலாகவே வந்தால் என்ன செய்யும்? ரிஜிஸ்டர் தப்பிய படத்தைப் பார்ப்பதைவிட அந்தப் பிளேட்டையே கழற்றிவிடுவது மேல் என்று முடிவு செய்துவிடுகிறது. கேமரா நன்றாக இருக்கும், ஒயர் இருக்கும், எதிர்முனையில் யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் பிற்பாடு சரியான பவர் கண்ணாடி போட்டாலும் உடனே தெளிவு வருவதில்லை.

வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ரிஜிஸ்டர் பார்க்கிற சின்ன லென்ஸை ஒரு கண்ணில்தான் வைக்க வேண்டும். குறை எல்லாம் வெளியே. டம்ளரில் காபி ஊற்றும்போது விளிம்பில் பாத்திரத்தை முட்டவைத்துத்தான் ஊற்றுவேன். படியிறங்கும்போது கடைசிப் படியைக் காலால் தேடுவேன். கிரிக்கெட்டில் எனக்கு நேராக வந்த கேட்ச் எதையும் பிடித்ததாக ஞாபகமில்லை. பந்து சின்னதாக இருக்கும், திடீரென்று பெரிதாக இருக்கும். நடுவில் ஒன்றும் கிடையாது.

பூனைக்குட்டிகள் சொன்னதும் சொல்லாததும்

"எட்டு வயதுக்குள்" என்பதன் வேர் எங்கே என்று தேடிப் போனால் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற நரம்பியல் விஞ்ஞானிகள் இருவரிடம் போய் நிற்கும். 1963-இல் ஹார்வர்டிலிருந்து அவர்கள் வெளியிட்ட சோதனை. பிறந்த பூனைக்குட்டியின் ஒரு கண் இமையைத் தைத்து மூடிவைத்தார்கள். சில மாதம் கழித்துத் தையலைப் பிரித்து, மூளையின் பார்வைப் பகுதியில் மின்முனையை இறக்கிப் பார்த்தார்கள். மூடியிருந்த கண்ணுக்குப் பதில் சொல்கிற செல்கள் அநேகமாக இல்லை. எல்லாம் திறந்திருந்த கண்ணின் பக்கம் போய்விட்டிருந்தன. வளர்ந்த பூனைக்கு அதே மாதிரி கண்ணை மூடினால் மூளையில் மாற்றம் எதுவும் இல்லை. ஆக, பிறந்த சில வாரங்களில் ஒரு காலம் உண்டு, அப்போது மட்டும்தான் மூளை இப்படி வளைகிறது. 1981-இல் நோபல் பரிசு. மருத்துவப் புத்தகங்களில் "முக்கியக் காலகட்டம்" ஒரு சட்டமாகவே ஆனது.

அந்தச் சோதனையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. பிறவிப் புரையோடு பிறக்கிற குழந்தைக்கு வாரக்கணக்கில் தாமதிக்காமல் அறுவை செய்ய வேண்டும் என்ற தெளிவு அந்த வழியில்தான் வலுப்பட்டது. ஆனால் அதில் அவர்கள் அளந்தது கெடுகிற காலத்தை. எந்த வயதில் கண்ணை மூடினால் மூளை கெடும் என்பது அங்கே கேள்வி. எந்த வயதுக்கு மேல் பயிற்சி கொடுத்தால் பயன் இல்லை என்பது வேறு கேள்வி. மழையில் சுவர் இடிகிற மாதம் ஐப்பசி என்பதால், சுவரைத் திரும்பக் கட்டுவதும் ஐப்பசியில்தான் முடியும் என்றாகிவிடாது. கெடுகிற வாசலும் சரியாகிற வாசலும் ஒன்றே என்று யாரோ எங்கோ நினைத்துக்கொண்டார்கள். கட்டுப் போட்ட பிள்ளைகளில் சின்னவர்களுக்குச் சீக்கிரம் பலன் தெரிந்ததும் அந்த நினைப்புக்குத் துணையானது. எட்டு தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் கட்டே போடாததால், அவர்களுக்குப் பலிக்குமா என்று பெரிதாக யாரும் பார்க்கவும் இல்லை.

இதற்கு மாறாகச் சில குரல்கள் வந்துகொண்டேதான் இருந்தன. அமெரிக்காவில் சூசன் பாரி என்ற நரம்பியல் பேராசிரியை, சின்ன வயதிலிருந்து மாறுகண். தன் மாணவர்களுக்கு முக்கியக் காலகட்டம் பற்றிப் பாடம் நடத்தியவர். 48 வயதில் பயிற்சி எடுத்து ஆழப் பார்வை பெற்றார். பயிற்சி முடிந்து காரில் ஏறினால், ஸ்டியரிங் சக்கரம் டேஷ்போர்டை விட்டு முன்னால் வந்து நிற்கிறது! நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸ் 2006-இல் அவரைப் பற்றி எழுதினார். நம் நாட்டிலேயே, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டம் வட இந்திய கிராமங்களிலிருந்து பிறவிப் புரை உள்ள பிள்ளைகளை டெல்லிக்குக் கூட்டிவந்து அறுவை செய்கிறது. எட்டு வயதுக்கு மேல், பதின்வயதில்கூட முதன்முதலாகப் பார்வை பெற்றவர்கள் அதில் உண்டு. கையால் தொட்டறிந்த பொருளைப் பார்த்த உடனே அவர்களால் அடையாளம் சொல்ல முடியவில்லை. ஆனால் சில நாட்களிலேயே கற்றுக்கொண்டார்கள் என்று 2011-இல் ஆய்வு வெளிவந்தது. முழுப் பார்வை யாருக்கும் வந்துவிடவில்லை. "ஒன்றும் பண்ண முடியாது" என்பதற்கும் "முழுசாக வராது" என்பதற்கும் நடுவில் ஒரு மனிதன் வாழ்ந்து முடிக்கிற அளவு இடம் இருக்கிறது.

தட்டையான திரை

2002 வாக்கில் எங்கள் தெருவில் ஒரு பிரவுசிங் சென்டர் வந்தது. மணிக்கு முப்பது ரூபாய். இணையம் பார்க்க வந்தவர்களைவிட கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற சுடுகிற விளையாட்டு ஆட வந்தவர்கள் அதிகம். கிரிக்கெட்டில் என்னைச் சேர்க்காத அதே பையன்கள் அங்கே என்னைத் தங்கள் டீமில் எடுக்கச் சண்டை போட்டார்கள். டஸ்ட் டூ மேப்பில் நடுக் கதவு வழியாக யார் தலை தெரிந்தாலும் முதலில் சுடுவது நானாகத்தான் இருக்கும். எனக்கே காரணம் தெரியாமல் இருந்தது. பிறகு புரிந்தது: திரை தட்டையானது. அங்கே ஆழம் என்பது அளவாலும் நிழலாலும் ஒன்றை ஒன்று மறைப்பதாலும் காட்டப்படுவது. அதற்கு ஒரு கண் போதும். வேறு எங்கேயும் எனக்குக் கிடைக்காத சம இடம் அந்தப் பத்துக்குப் பத்து அறையில் கிடைத்தது. ஊர் வாயில் மட்டும் அது "கண்ணு கெட்டுப்போற இடம்". ஏற்கெனவே கெட்டிருந்த கண்ணோடு உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பேச்சு எவ்வளவு உறைத்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த வருஷமே, 2003-இல், இந்த வகை விளையாட்டு பற்றி ஒரு முக்கியமான ஆய்வு 'நேச்சர்' இதழில் வந்தது. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷான் கிரீன் என்ற மாணவர், பேராசிரியை டாஃப்னி பவேலியரிடம் வேலை செய்தவர். கவனத்தை அளக்கிற ஒரு சோதனையைக் கணினியில் எழுதி, தானே செய்து பார்த்தால் ஒன்றுகூடத் தப்பவில்லை. நிரலில் பிழை என்று நினைத்து நண்பர்களை உட்காரவைத்தார். அவர்களுக்கும் தப்பவில்லை. எல்லாரும் சுடுகிற விளையாட்டு ஆடுகிறவர்கள். பிறகு முறையாகச் செய்தார்கள்: விளையாடிப் பழக்கமில்லாதவர்களில் ஒரு குழுவுக்குப் பத்து மணி நேரம் போர் விளையாட்டு, இன்னொரு குழுவுக்குப் பத்து மணி நேரம், மேலிருந்து விழுகிற கட்டங்களை இடைவெளியில்லாமல் அடுக்குகிற டெட்ரிஸ். போர் விளையாட்டு ஆடியவர்களின் கவனம்தான் அதிகம் கூடியது. வீட்டில் நாம் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறோம்? "சுடுற கேம் வேண்டாம், மூளைக்கு வேலை தர்ற கேம் ஆடு" என்கிறோம். அந்தச் சோதனையில் மூளைக்கு வேலை தருகிற டெட்ரிஸ் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட விளையாட்டு.

2011-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து இன்னொன்று. சோம்பேறிக் கண் உள்ள 20 பெரியவர்கள். நல்ல கண்ணைக் கட்டிவிட்டு 40 மணி நேரம் விளையாடவைத்தார்கள். பார்வைக் கூர்மை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடியது. சிலருக்குச் சுடுகிற விளையாட்டு, சிலருக்கு நகரம் கட்டுகிற விளையாட்டு. இரண்டிலும் பலன். 2013-இல் மாண்ட்ரீலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹெஸ் குழு ஒருபடி மேலே போனது. கட்டு இல்லை. கண்ணில் மாட்டுகிற திரையில் டெட்ரிஸ். விழுகிற கட்டம் ஒரு கண்ணுக்கு, கீழே அடுக்கிக் கிடப்பது மறு கண்ணுக்கு. நல்ல கண்ணுக்குப் போகிற படத்தை மங்கலாக்கி, இரண்டும் சேர்ந்தால்தான் விளையாட முடியும் என்று வைத்தார்கள். தினம் ஒரு மணி, இரண்டு வாரம். 18 பேர்தான். நல்ல முன்னேற்றம். இந்தச் செய்தி தமிழ்ப் பத்திரிகையிலும் "டெட்ரிஸ் விளையாடினால் பார்வை வரும்" என்று சின்னப் பெட்டியில் வந்தது. அச்சகத்தில் டீ குடித்துக்கொண்டே படித்தேன். எனக்கு 28 வயது. கை நடுங்கியது.

மனப்பாடம்

அன்று இரவே தொடங்கிவிட்டேன். வலது கண்ணில் பஞ்சு வைத்து பேப்பர் டேப்பை ஒட்டி, போனில் டெட்ரிஸ். ஹெஸ் செய்தது இதுவே இல்லை. நல்ல கண்ணைக் கட்டிவிட்டு டெட்ரிஸ் ஆடியவர்களும் அந்த ஆய்வில் ஒரு குழுவாக இருந்தார்கள், அவர்களுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம் என்பதை நான் ரொம்பப் பின்னால்தான் படித்தேன். பெட்டிச் செய்தியில் அது இல்லை. தினம் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம். முதல் வாரம் கட்டம் எது, வெற்றிடம் எது என்றே தெரியவில்லை, தலைவலி வந்தது. மூன்றாவது வாரம் நீளக் கட்டத்தை நிறுத்தி இறக்க முடிந்தது. அளந்து பார்க்க ஒரு எழுத்து அட்டையை நானே வடிவமைத்து, வேஸ்ட் ஆர்ட் பேப்பரில் கறுப்பு மட்டும் ஓட்டி அச்சடித்துக்கொண்டேன். கோடவுன் சுவரில் அதை ஒட்டி, இருபதடியில் டேப் ஒட்டி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அங்கே போய் நின்றேன். இரண்டு மாதத்தில் ஒரு வரி இறங்கினேன். மூன்றாவது மாதம் இன்னும் ஒரு வரி. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்வதற்கு ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் ஒரு அண்ணன். அதிகம் பேச மாட்டார். ஒரு ஞாயிறு ஓவர்டைமுக்கு வந்தவர், நான் கோட்டில் நின்று படிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் சொன்னார்: "தம்பி, இந்த எழுத்தெல்லாம் நீதானய்யா வச்சது? கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லு பாப்பம்."

இரண்டு கண்ணையும் மூடினேன். மேலிருந்து ஏழாவது வரி வரைக்கும் நிறுத்தாமல் சொன்னேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அட்டையைக் கழற்றி, கட்டிங் மெஷினில் கொடுத்து ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக வெட்டி, கலைத்து, பசை தடவி வேறு ஒரு தாளில் ஒட்டிக் கொண்டுவந்தார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். கோட்டில் நின்று வலது கண்ணைப் பொத்தினேன். இரண்டு வரிகளும் போய்விட்டன. மூன்று மாதத்துக்கு முன்னால் எந்த வரியில் நின்றேனோ அதே வரி. அந்த வரியில் மட்டும் ஓர் எழுத்து கூடுதலாகத் தெரிந்த மாதிரி இருந்தது. அதையும் என்னால் சத்தியம் பண்ண முடியாது. அண்ணன் என் தோளில் கையை வைத்துவிட்டு பைண்டிங்குக்குப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் வருஷக்கணக்காக யோசித்திருக்கிறேன். நான் பொய் சொல்லவில்லை. மூன்று மாதமும் உண்மையாகவே தெரிகிறது என்று நம்பித்தான் படித்தேன். நம்பிக்கை கண்ணுக்குப் பதிலாகப் படித்துக்கொண்டிருந்தது. அதே காலத்தில் பெரிய ஆய்வுலகத்திலும் இந்தச் சண்டைதான் நடந்துகொண்டிருந்தது. வால்டர் பூட், டேனியல் சைமன்ஸ் முதலான உளவியல் ஆய்வாளர்கள் 2013-இல் எளிமையான ஒன்றைச் செய்தார்கள். ஆட்களுக்குச் சுடுகிற விளையாட்டின் காட்சியையோ டெட்ரிஸ் காட்சியையோ காட்டி, "இதை ஆடினால் எந்தச் சோதனையில் தேறுவீர்கள்?" என்று கேட்டார்கள். விளையாடாமலே அவர்கள் சொன்ன எதிர்பார்ப்பு, முந்தைய ஆய்வுகளில் கிடைத்த முடிவோடு ஒத்துப்போனது. அப்படியென்றால் பலன் விளையாட்டால் வந்ததா, எதிர்பார்ப்பால் வந்ததா? மாத்திரையைச் சோதிக்கும்போது வெறும் மாவு மாத்திரை கொடுத்து ஆளுக்குத் தெரியாமல் மறைக்கலாம். தான் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறோமா, டெட்ரிஸ் ஆடுகிறோமா என்பதை ஆடுகிறவரிடம் எப்படி மறைப்பது?

மறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2018-இல் வெளியான ஆய்வில் 115 பேர், 7 வயதிலிருந்து பெரியவர்கள் வரை, பல நாடுகளில். பாதிப் பேருக்கு ஹெஸ் முறையில் இரண்டு கண்ணுக்கும் பிரித்துக் காட்டும் கட்ட விளையாட்டு. மீதிப் பேருக்கு அதே விளையாட்டுதான், ஆனால் இரண்டு கண்ணுக்கும் ஒரே படம், அதாவது மருந்தில்லாத மாத்திரை. ஆறு வாரம், தினம் ஒரு மணி. இரண்டு குழுவுக்கும் கிடைத்தது ஒரே முன்னேற்றம்: ஏறத்தாழ மூன்று எழுத்து. அதற்கு முன்பே 2016-இல் அமெரிக்காவில் 385 பிள்ளைகளை வைத்துப் பார்த்திருந்தார்கள். பழையபடி கண்ணுக்குக் கட்டுப் போடுவதைவிட ஐபேடில் ஆடுகிற விளையாட்டு ஒன்றும் மேலாக இல்லை, சற்றுக் கீழேதான். அந்த ஆய்வில் இன்னொரு செய்தி என்னை நிறுத்தியது. எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்று ஐபேடே கணக்கு வைத்துக்கொண்டது. சொன்ன நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல் விளையாடிய பிள்ளைகள் 22 சதவீதம்தான். பிள்ளைகள் கையில் கேம் கிடைத்தால் விடவே மாட்டார்கள் என்று நாம் எல்லோரும் சத்தியம் பண்ணுவோமே, மருந்தாகக் கொடுத்ததும் விட்டுவிட்டார்கள்.

இதைப் படித்த அன்று நான் உடைந்துதான் போனேன். பிறகு யோசித்தால், எனக்கு உதவி செய்தவர்கள் இவர்கள்தான் என்று தோன்றியது. என் அட்டையை வெட்டிக் கலைத்து ஒட்டிய அண்ணன் செய்ததை, இவர்கள் 115 பேருக்குச் செய்திருக்கிறார்கள். "வயசு தாண்டிடுச்சு" என்றவர்களிடம் யாரை வைத்துப் பார்த்தீர்கள் என்று நான் கேட்கலாம் என்றால், "விளையாடினால் வரும்" என்றவர்களிடமும் அதையே கேட்டுத்தான் ஆக வேண்டும். எனக்குப் பிடித்த பதில் என்பதற்காக அங்கே மட்டும் கேட்காமல் இருக்க முடியாது. கதை அதோடு முடியவும் இல்லை. தலையில் மாட்டுகிற திரையில் 4 முதல் 7 வயதுப் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கிற ஒரு சிகிச்சைக்கு, ஒப்பீட்டுக் குழுவோடு சோதித்த பிறகு, 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

தங்கச்சி மகள்

இந்த வருஷம் மே மாதம் தங்கச்சி போன் பண்ணினாள். பள்ளிக்கூட முகாமில் பாப்பாவுக்கு இடது கண் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பாப்பாவுக்கு 9 வயது. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "ஒம்போதா" என்றாள். அதற்குப் பிறகு அன்று முழுக்கப் பேசவில்லை. கீரை அப்படியே வாடிக் கிடந்தது.

நாங்கள் நாலு பேரும் போனோம். இளம் டாக்டர், பொறுமையான பெண். பரிசோதித்துவிட்டு, பவர் வித்தியாசம், சோம்பேறிக் கண், கண்ணாடி போடணும், சில வாரம் கழித்துத் தேவைப்பட்டால் தினம் இரண்டு மணி நேரம் கட்டு என்றார். அம்மா குறுக்கிட்டாள். "டாக்டரம்மா, எட்டு வயசுக்குள்ளன்னு சொன்னாங்களே. பிள்ளைக்கு ஒம்போது முடியப்போகுது."

"தாண்டலம்மா. சின்ன வயசுல வந்தா சீக்கிரம் சரியாகும், அது உண்மை. ஆனா ஏழு வயசுல இருந்து பதினேழு வரைக்கும் ஐந்நூறு பிள்ளைங்களை வச்சுப் பாத்திருக்காங்க. ஏழுல இருந்து பன்னெண்டு வயசுப் பிள்ளைங்கள்ல கட்டும் சொட்டு மருந்தும் குடுத்ததுல பாதிப் பேருக்கு மேல ரெண்டு வரி முன்னேறிருக்காங்க. வெறும் கண்ணாடி போட்டதுலயே கால்வாசிப் பேரு."

அந்த ஆய்வு எனக்குத் தெரியும். 2005-இல் வந்தது, 507 பிள்ளைகள். 53 சதவீதம், 25 சதவீதம். பெரும்பாலோருக்குப் பார்வை முழுதாக வந்துவிடவில்லை என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் கட்டே போடாதவர்களாக இருந்தால் 13 முதல் 17 வயதிலும் 47 சதவீதம் பேர் முன்னேறினார்கள். அம்மாவிடம் நான் இதை ஒருபோதும் சொன்னதில்லை. 11 வயதில் கட்டுப் போட்டிருக்கலாம் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? ஆனால் அவள் கணக்கில் கெட்டி. டாக்டரைப் பார்த்தாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்போ இவனுக்குப் பதினொண்ணுல..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். அறையில் யாரும் பேசவில்லை. பாப்பா மட்டும் சோதனைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆச்சியின் சேலைப் பூவை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆறு வாரம் கண்ணாடி, பிறகு கட்டு. கட்டுப் போட்ட இரண்டு மணி நேரத்தை ஓட்டுவதுதான் பெரும்பாடு. ஆச்சி கதை சொல்லிப் பார்த்தாள், கதைக்குக் கண் வேண்டியதில்லையே. கோலப் புள்ளி, பல்லாங்குழி, கடலையில் கல் பொறுக்குவது எல்லாம் முடிந்து, கடைசியில் போனில் கட்ட விளையாட்டுக்கு வந்து நின்றது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கண்ணுக்குக் கட்டையும் போட்டுட்டுப் போனை வேற பாக்கணுமா?" டாக்டரிடமே கேட்டேன். விளையாட்டு மருந்து என்று அவர் சொல்லவில்லை. இடது கண்ணை வேலை வாங்க எது கிடைத்தாலும் நல்லது, பாதி நேரம் வெளிச்சத்தில் வெளியே விளையாடட்டும் என்றார். வெளியே போவது கிட்டப்பார்வையைத் தள்ளிப்போடும் என்று சீனாவில் பள்ளிக்கூடங்களில் சோதித்துப் பார்த்ததையும் சொன்னார். பாப்பா சாயங்காலம் தெருவில் ஒரு மணி நேரம் பந்து தட்டுவாள். பிறகு என் மடியில் உட்கார்ந்து போனில் ஒரு மணி நேரம். "மாமா, நீளக் கட்டை வருது, நீளக் கட்டை வருது" என்று அவள் கத்தும்போது, எனக்குள் பழைய கோடவுன் சுவர் வந்து போகும்.

ஆவணிக் கடைசியில் மறுபடி போனோம். எழுத்துகள் அங்கே கணினித் திரையில் வருகின்றன, ஒவ்வொரு முறையும் மாறி மாறி. மனப்பாடம் செய்ய வழியே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. மே மாதம் 6/36-இல், அதாவது நல்ல கண்ணுக்கு 36 மீட்டரில் தெரிகிற எழுத்து 6 மீட்டரில்தான் தெரிகிற நிலையில் நின்ற பாப்பா, 6/12 வரைக்கும் படித்தாள். தங்கச்சி அழுதாள். அம்மா அழவில்லை. எழுந்து போய் டாக்டர் பக்கத்தில் நின்று, "இவன் கண்ணையும் ஒருக்காப் பாருங்க" என்றாள்.

எனக்கு 40 வயது. "அம்மா, வேண்டாம்" என்றேன். டாக்டர் நாற்காலியைக் காட்டிவிட்டார். திரையில் எனக்குத் தெரியாத எழுத்துகள். வலது கண்ணை மூடினார். முதல் எழுத்து தெரிந்தது, அடுத்த வரி இல்லை. ஒவ்வொரு லென்ஸாக மாற்றிப் போட்டார். ஐந்தரை பவரில் இரண்டாவது வரியில் ஓர் எழுத்து மெதுவாகக் கூடி வந்தது. "இந்தக் கண்ணுக்கு இதுவரைக்கும் கண்ணாடியே போட்டதில்லையா?" என்றார். இல்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுதினார். இரண்டு கண்ணுக்கும் பவர் ரொம்ப வேறுபடுவதால் கண்ணாடி ஒத்துக்கொள்ளாமல் போகலாம், கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்க்கலாம், உங்கள் வயதில் பலன் எவ்வளவு என்று உறுதியாகச் சொல்வதற்கு இல்லை, இரட்டையாகத் தெரிந்தால் உடனே வந்துவிட வேண்டும், நாலு மாதம் கழித்து இதே நாற்காலியில் இதே மாதிரி அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் பாப்பா, அவள் பக்கத்தில் அம்மா. நான் எதிர் சீட்டில். சாத்தூர் தாண்டியதும் பார்த்தேன், அம்மாவின் கட்டை விரல் மற்ற விரல்களின் கணுக்களில் நகர்ந்துகொண்டிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி.